அப்பாவின் துவர்த்து

மற்றக் கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்கும்போது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார்கள். என் அப்பா தொடமாட்டார். அவர் விரலை வைத்தால் போதும், டிக்கெட் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "ஒங்கப்பா எச்சி தொடாத கண்டக்டராக்கும், நல்ல சுத்தம் பாத்துக்கிடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1983-இல் எங்கள் மாவட்டத்துக்கென்று நேசமணிப் போக்குவரத்துக் கழகம் பிரிந்தபோது அதற்கு வந்து, அதிலேயே ஓய்வு பெற்றார். மார்த்தாண்டத்திலிருந்து எங்கள் புதுக்கடை வழியாகத் தேங்காப்பட்டணம் போகும் வண்டியில் பல வருஷம் இருந்தார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, இடது உள்ளங்கையில் நாலாக மடித்த துவர்த்து, அதன்மேல் டிக்கெட் கட்டு. துவர்த்து என்றால் துண்டு. எங்கள் பக்கத்துப் பேர் அது. வேலை முடிந்து வந்தாலும் துவர்த்து கையை விட்டுப் போகாது. கல்யாண வீடு, சாவு வீடு, கோயில், சந்தை எங்கேயும் அது உண்டு. மீசை மாதிரி அதுவும் அப்பாவுடன் பிறந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அது ஒரு வகையில் சரிதான்.

எனக்கும் உள்ளங்கை வேர்க்கும். வேர்க்கும் என்று சொன்னால் வாசிக்கிறவர்கள் லேசான ஈரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனியில் துளி சேர்ந்து தரையில் சொட்டும். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு இருந்தவரை அது ஒரு வசதியாகவே இருந்தது. மற்றப் பிள்ளைகள் சிலேட்டு அழிக்க எச்சில் துப்புவார்கள், கோவையிலை தேடுவார்கள். எனக்கு உள்ளங்கை போதும். ஆனால் அழிக்க வேண்டாததும் அழிந்துவிடும். மேல் வரியை எழுதிக் கீழ்வரிக்கு வந்தால் மேல்வரி இருக்காது. நோட்டுக்கு மாறியதும் வசதி போய்த் தொந்தரவு மட்டும் மிஞ்சியது. தாள் நனைந்து காய்ந்து அப்பளம்போல் நெளியும். மைப்பேனா எழுத்து ஊறிப் பூத்துவிடும். "கொளத்துக்குள்ள இருந்து எழுதினியா?" என்று கேட்ட டீச்சர், பதிலுக்குக் காத்திராமல் பிரம்பை எடுத்தார். ஈரக்கையில் விழும் அடிக்கு உறைப்பு அதிகம். அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தையல் வகுப்பு அதைவிட மோசம். எங்கள் மாவட்டத்தில் லேஸ் பின்னுவது பழைய தொழில். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா 200 வருஷங்களுக்கு முன் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து தொடங்குவது. பெண்பிள்ளை என்றால் நூலும் ஊசியும் பழகியாக வேண்டும். நான் பின்னிய வெள்ளை நூல் நாலு விரற்கடை போவதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஒரு வாரத்தில் ஊசி துருப்பிடித்துத் துணிக்குள் இறங்காது. வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு இரும்பைத் தின்னும். தொட்ட இடமெல்லாம் துருவேற்றும் கைக்காரர்கள் இயந்திரப் பட்டறைகளில் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள் என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வகுப்பில் இருபத்தெட்டு ஊசிகள் பளபளத்தன, ஒன்று மட்டும் கறுத்திருந்தது.

வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுவது பத்திரிகைக்காரர்கள் வழக்கம். நாஞ்சில் நாடு கிழக்கே, தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். நாங்கள் மேற்கே, விளவங்கோட்டுக்காரர்கள். அவர்களுக்கு நெல்வயல், எங்களுக்கு ரப்பர், தென்னை, மரச்சீனிக் கிழங்கு. தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று 1954 ஆகஸ்ட் 11-இல் நடந்த போராட்டத்தில் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்ட ஊர்களில் புதுக்கடையும் ஒன்று. இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1-இல், மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர், கடல் கூப்பிடு தூரத்தில். காற்றே எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

அந்த ஈரக்காற்றுதான் எனக்கு எதிரி. "இந்த வெக்கையில ஆருக்குத்தான் வேர்க்காது?" என்ற ஒரு கேள்வியில் என் முறையீடு எல்லாம் தள்ளுபடியாகிவிடும். எனக்கு மார்கழி விடியற்காலையிலும் வேர்க்கும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சிவராத்திரிக்கு முந்தைய நாள் சாயங்காலம் முஞ்சிறைத் திருமலைக் கோயிலிலிருந்து சிவாலய ஓட்டம் கிளம்பும். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டபடி பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுவார்கள். கோயில்தோறும் சாமிக்கு விசிறி வீசுவார்கள். ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் என் கையைத் துவர்த்தால் துடைத்துவிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "பாத்தியா மக்களே, சாமிக்கே வேர்க்குவு. நாம என்ன?" தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மைக்குக் கவலை வேறு. ஈரக்கைப் பெண்ணை யார் கட்டுவார்கள்? பக்கத்து முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருவுக்கு ஒரு வர்ம ஆசான் இருந்த காலம் வேறு. அம்மை என்னை ஓர் ஆசானிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் என் கையை விரித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், "பெண்ணுக்குப் பயம் ஜாஸ்தி" என்றார். கடுக்காய் போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் சீனக்காரத்தைக் கரைத்துத் தினமும் கையை முக்கி வைக்கச் சொன்னார். இரண்டு நாள் உள்ளங்கை வறண்டு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கோடுகள் தெரிந்தன. மூன்றாம் நாள் முக்க மறந்தேன், ஊற்று திறந்துகொண்டது. சீனக்காரம் என்பது படிகாரம். முடிவெட்டுக் கடையில் சவரம் முடிந்து முகத்தில் தேய்க்கிற அதே கட்டி. அதற்குள் இருப்பது அலுமினியத்தின் உப்பு. பின்னாளில் திருவனந்தபுரத்தில் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்திலும் அதே அலுமினியம்தான் வேறு வேஷத்தில் இருந்தது. ஆசானின் மருந்தில் தப்பில்லை. "பயம் ஜாஸ்தி" என்ற அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே முடிவு கட்டிக்கொண்டேன். பயப்படாமல் இருக்கப் பழகினால் கை காய்ந்துவிடும் என்று நினைத்து, கை காய்கிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்த்துப் பார்த்து இன்னும் நனைந்தேன்.

1989-இல் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை. பொத்தான்மேல் விரல் வழுக்கி ஒரு எழுத்துக்குப் பதில் பக்கத்து எழுத்து விழுந்தது. தேறவில்லை. பி.எஸ்ஸி., பி.எட். முடித்து அறிவியல் டீச்சரானேன். கரும்பலகை முன்னால் போய் நின்ற முதல் நாளே தெரிந்துவிட்டது, எனக்கு ஏற்ற வேலை இதுதான் என்று. சாக்பீஸ் தூள்! கை நிறைய தூள் பூசிக்கொண்டு நிற்கும் டீச்சரை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். கம்பியில் தொங்கி வித்தை காட்டும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் வெள்ளைப் பொடி பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான். மற்ற டீச்சர்கள் மணியடித்ததும் கை கழுவப் போவார்கள். நான் பொடியோடே இருப்பேன்.

கல்யாணம் 1996-இல். கைபிடித்துக் கொடுக்கும் நேரம் வந்தது. அப்பாவின் கைக்குள் என் கை. இரண்டு ஈரம் ஒன்றோடொன்று சேர்ந்தபோது முதன்முதலாக எனக்கு ஏதோ உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் இடது கைத் துவர்த்தை எடுத்து, கூட்டத்துக்குத் தெரியாமல் மெதுவாக என் உள்ளங்கையை ஒற்றினார். பிறகு தன்னுடையதை. "பயப்படாத மக்களே, அவரு வேணும்னா தொடச்சுக்கிடுவாரு" என்றார் காதுக்குள். என் வீட்டுக்காரர் துடைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள்தான் கேட்டார், "கிணத்தடியில இருந்து நேரா வாறியா?" என்று.

அதன்பிறகும் பதின்மூன்று வருஷம் நான் எந்த மருத்துவரிடமும் கைக்காகப் போகவில்லை. போனது காலுக்காக. கை வேர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் பாதமும் வேர்க்கும். ரப்பர் செருப்புக்குள் கால் வழுக்கும். ஈரத்திலேயே ஊறி உள்ளங்காலில் சின்னச் சின்னப் பள்ளங்களும் நாற்றமும் வந்துவிட்டன. 2009-இல் திருவனந்தபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். காலைப் பார்த்த டாக்டரம்மா, "கையைக் காட்டுங்க டீச்சர்" என்றார். சேலைத் தலைப்புக்குள் ஒளித்துவைத்திருந்த கையை வெளியே எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை. வேலைக்காரர் தன் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கேள்விகள் கேட்டார். எந்த வயதில் தொடங்கியது? இரண்டு கையும் ஒரே அளவா? வாரத்துக்கு ஒருமுறையாவது வேலை கெடுகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? கடைசியாக, "தூங்கும்போது வேர்க்குமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தூங்கும்போது என் கையை நான் எப்படிப் பார்ப்பது? வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, "இல்ல, ராத்திரி காஞ்சுதான் இருக்கும்" என்றார். பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரியாத சேதி அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு சோதனை. என் உள்ளங்கையில் அயோடின் கரைசலைப் பூசினார். காய்ந்ததும் மாவுப் பொடியைத் தூவினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை கருநீலமாயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் மரச்சீனிக் கிழங்கை வெட்டி அயோடின் சொட்டு விட்டு, "பாருங்க பிள்ளைகளே, நீலமாச்சுன்னா மாவுச்சத்து இருக்கு" என்று சொல்லிக்கொடுப்பது நான்தான். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பிய விசாகம் திருநாள் மகாராஜாவுக்கு அந்த வகையிலும் நான் கடன்பட்டிருக்கிறேன். வகுப்பில் மாவைக் கண்டுபிடிக்க அயோடின். இங்கே இரண்டையும் சேர்த்துவைத்து ஈரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். விக்டர் மைனர் என்ற நரம்பியல் மருத்துவர் 1928-இல் எழுதிவைத்த முறை, இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது.

டாக்டரம்மா சொன்னதை அறிவியல் டீச்சருக்கு உரிய ஆசையோடு கேட்டுக்கொண்டேன். உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள். முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 64 என்றால் உள்ளங்கையில் 600-க்கும் மேல். முதுகும் மார்பும் வேர்ப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. உள்ளங்கையும் உள்ளங்காலும் அந்தக் கணக்கில் அதிகம் சேர்வதில்லை. அவை மனம் விறைக்கும்போது வேர்ப்பவை. மரம் ஏறித் தப்பிக்க வேண்டிய காலத்தில் பிடி இறுக லேசான ஈரம் உதவியிருக்கும் என்று ஒரு கருத்து உண்டு. பொய் கண்டுபிடிக்கும் கருவியை விரலில் மாட்டுவதும் இதனால்தான். என்னைப் போன்றவர்களுக்குச் சுரப்பி பெரிதும் இல்லை, கூடுதலும் இல்லை. அதற்கு உத்தரவு போடும் பரிவு நரம்புதான் சின்னச் சங்கதிக்கெல்லாம் மணியடித்துக்கொண்டே இருக்கிறது. தூங்கினால் மணி நின்றுவிடும். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 1000 பேருக்கு 28 பேர் உடம்பில் எங்கோ ஓரிடத்தில் இப்படி மிகையாக வேர்ப்பவர்கள். "பயத்தால வருதா டாக்டர்?" என்று கேட்டேன். "பயந்தா கூடும். ஆனா பயம் இல்லாட்டியும் வரும். நீங்க இப்ப பயந்தா இருக்கீங்க?" இல்லை. கை சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றை அவர் அழுத்திச் சொன்னார். சின்ன வயதில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல், விழித்திருக்கும்போது மட்டும் வேர்த்தால் அது இந்த வகை. வயது வந்தபிறகு திடீரென்று தொடங்கினாலோ, தூக்கத்தில் படுக்கை நனைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வேர்த்தாலோ, எடை குறைந்தாலோ அது வேறு. தைராய்டு, சர்க்கரை, காசநோய், சாப்பிடும் மாத்திரை என்று காரணம் தேட வேண்டும். எனக்கும் தைராய்டு பார்த்தார்கள். சரியாக இருந்தது.

அடுத்த வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ராத்திரிக் காவல் எனக்கு. இரண்டாம் நாள் நடுச்சாமத்தில் அவர் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்து உள்ளே வைக்கப் போனேன். காய்ந்திருந்தது. காய்ந்த, சொரசொரப்பான, கோடு கோடான கை. நாற்பது வயதுக்குள் அப்பாவின் கையை நான் எத்தனை தடவை பிடித்திருப்பேன்! இந்தக் கையை எனக்குத் தெரியாது. விடிந்து அவர் கண் விழித்தபோது கை நனையத் தொடங்கியது. அப்போதுதான் சொன்னேன், அப்பா இதற்கு ஒரு பேர் இருக்கிறது, பரம்பரையாக வரும், வைத்தியம் உண்டு என்று.

"அதுக்குப் பேரு வேற உண்டுமா?" என்றார். கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்ன கதையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பாட்டா, அப்பாவின் அப்பா, பனையேறி. விடிலிக் குடிசையில் அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சிக் கருப்பட்டி எடுத்த குடும்பம். மூத்த பையன் பன்னிரண்டு வயதில் பனை ஏறிப் பழக வேண்டும். காலில் தளைநாரைப் போட்டு அப்பாவை ஏற்றிவிட்டார்கள். ஆள் உயரம் இரண்டு போனதும் கை வழுக்கிச் சறுக்கிவிட்டார். நெஞ்சு முழுக்கத் தோல் உரிந்தது. மறுநாளும் அதேதான். சாம்பல் பூசி ஏற்றிப் பார்த்தார்கள், சாம்பல் சேறாயிற்று. மூன்றாம் நாள் பாட்டா அவர் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இவன் பனைக்கு ஆகமாட்டான்" என்று பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். தம்பிகள் ஏறினார்கள். ஒருவர் விழுந்து இடுப்பொடிந்து கடைசிவரை நடக்கவில்லை. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார், கண்டக்டரானார், என்னைப் படிக்கவைத்தார். "கை காஞ்சிருந்தா நானும் ஏறியிருப்பேன்" என்றார். லேசான ஈரம் பிடியை இறுக்கும் என்பது டாக்டரம்மா சொன்னது. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி.

அப்பா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

இனி வைத்தியத்தைச் சொல்கிறேன், பட்ட வரிசையில். முதலில் 20 சதவீத அலுமினியம் குளோரைடு. ராத்திரி பூசிக் காலையில் கழுவ வேண்டும். வியர்வைக் குழாயின் வாயை அது அடைக்கும். நன்றாகக் காய்ந்த தோலில்தான் பூச வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஈரத்தில் பட்டால் அமிலமாகி எரிக்கும். விழித்திருக்கும்போது காயாத கைக்காரி காய்ந்த கையில் எப்படிப் பூசுவாள்? முதல் நாள் ஈரத்தோடு பூசி, ராத்திரி முழுக்க எரிச்சல் தாங்காமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்காரர் ஒரு வழி கண்டார். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் என் கையில் அவரே பூசிவிடுவார். ஓரளவு கேட்டது. உள்ளங்கைத் தோல் தடிமன், அக்குளுக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்காது. தோல் வெடிக்கவும் செய்தது. விட்டேன்.

அடுத்து கிளைக்கோபைரோலேட் மாத்திரை. கை காய்ந்தது, கூடவே வாயும் காய்ந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் டீச்சரை நினைத்துப் பாருங்கள். உடம்பு முழுக்க வியர்வையை அது குறைப்பதால் வெயிலில் சூடு ஏறும் ஆபத்தும் உண்டு. பள்ளி விழா மாதிரி ஒரு நாளைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, பிறகு அதையும் நிறுத்தினேன். போட்டாக்ஸ் ஊசியைப் பற்றியும் டாக்டரம்மா சொன்னார். உள்ளங்கை முழுக்கப் பல இடங்களில் குத்த வேண்டும், வலி கடுமை, சில மாதங்களில் மறுபடி குத்த வேண்டும், விரல் பிடி கொஞ்சநாள் தளரலாம். விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்குக் கேட்டது தண்ணீர் வைத்தியம். அயன்டோபோரெசிஸ் என்று பேர். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் தகடு, தட்டுக்கு ஒரு கை. கருவி வழியாக 15 முதல் 20 மில்லியாம்பியர் மின்சாரம், இருபது நிமிஷம்போல. எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மோதிரம், வளையல் கழற்றிவிட வேண்டும்; கீறல் இருந்தால் வாசலின் தடவ வேண்டும்; நடுவில் கையைத் தூக்கினால் சுரீரென்று அடிக்கும். இதய பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் போகக்கூடாது. அமெரிக்க மருத்துவர் லெவிட் 1968-இல் எளிய கருவி ஒன்றை வடிவமைத்துக் காட்டியதிலிருந்து இது பரவியது. ஏன் கேட்கிறது என்பதில் மருத்துவர்களுக்கே இன்னும் ஒருமித்த பதில் இல்லை, ஆனால் கேட்கிறது. கருவியை வாங்கிவந்து புதுக்கடை வீட்டில் வைத்தபோது ஒரு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. போனில் கேட்டேன். "உங்க ஊர்த் தண்ணி எப்படி?" என்றார் டாக்டரம்மா. சோப்பு போட்டால் பொங்கி நுரைக்கும் கிணற்றுத் தண்ணீர், உப்பே கிடையாது. அதுதான் குற்றம்: உப்பில்லாத தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பை ஒரு சிட்டிகை போடச் சொன்னார். போட்டேன். வாரத்தில் மூன்று நாள். பத்தாவது தடவைக்குப் பக்கத்தில் ஒரு காலை, பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கைக்கு அடியில் வைத்திருந்த கைக்குட்டை காய்ந்திருந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போதும். விட்டால் திரும்ப வந்துவிடும். இது தீர்க்கும் வைத்தியமில்லை, தள்ளிவைக்கும் வைத்தியம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதற்கென்று செய்த கருவியை மருத்துவர் சொல்லி வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பது சாவைக் கூப்பிடுவது.

அறுவைச் சிகிச்சையும் உண்டு. நெஞ்சுக்குள் சிறு துளை வழியே கேமராக் குழாயை விட்டு, விலா எலும்பின் மேலோடும் பரிவு நரம்பை வெட்டுவது அல்லது கிளிப் போடுவது. என் அக்காள் மகன் செய்துகொண்டான். தேங்காப்பட்டணம் கடற்கரை மணலில் ஒரு வருஷம் ஓடிப் பழகி, படை ஒன்றுக்கு ஆளெடுப்பில் ஓட்டமெல்லாம் ஜெயித்து, மருத்துவப் பரிசோதனையில் கையை நீட்டியபோது வெளியே வந்தவன். பாதுகாப்புப் படைகளின் மருத்துவத் தகுதி விதிகளில் மிகுந்த உள்ளங்கை வியர்வையும் தகுதியின்மைக்கு ஒரு காரணம். சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோதே கை பஞ்சுபோல் காய்ந்திருந்தது. அழுதான், சந்தோஷத்தில். இரண்டாம் மாதம் முதுகும் வயிறும் தொடையும் வேர்க்கத் தொடங்கின. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பீறிடுவது இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நடப்பது. கடுமையானால் திருப்ப முடியாது. மறுவருஷம் ஆளெடுப்பு வருவதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறான். ஒரு ஷிப்டுக்கு மூன்று சட்டை எடுத்துப் போகிறான். செய்தது தப்பு என்று அவன் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: மற்றதெல்லாம் பார்த்துத் தோற்றபிறகு, கடைசியாகப் போக வேண்டிய வாசல் அது.

பள்ளியில் விரல்ரேகை வருகைப்பதிவு வந்தபோது, தண்ணீர் வைத்தியம் தவறிய வாரங்களில் எனக்குப் பழைய நாள் திரும்பியது. ஈர விரலை இயந்திரம் படிக்காது. ரேகையின் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதற்கு மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. என் பின்னால் வரிசை நிற்கும், நான் மறுபடி மறுபடி துடைப்பேன். ரேஷன் கடையிலும் அதே கூத்து. என் பைக்குள் இப்போதும் ஒரு துவர்த்து உண்டு. அப்பாவுடையது, நாலு விளிம்பும் நைந்தது.

என் தங்கை பேத்திக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன ஆடியில் வந்தபோது அவள் நோட்டைப் புரட்டினேன். பக்கங்கள் அப்பளம்போல் நெளிந்திருந்தன. ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துப் பார்த்தேன். மறுநாள் அவள் பள்ளிக்குப் போய் அவளுடைய டீச்சரைப் பார்த்தேன். இது பயமில்லை, அழுக்கில்லை, ஒட்டுவதுமில்லை; தாளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு துணி வைத்து எழுத விடுங்கள், மைப்பேனாவுக்குப் பதில் பால்பாயின்ட் கொடுங்கள் என்று சொன்னேன். அந்த டீச்சர் என் பழைய மாணவி. விட்டிருக்கிறாள்.